கால் நனையாத கரையம்மா

காலை ஆட்டாமப் படுடி சுடரு. பெரியம்மா கதை சொல்லணும்னா நீ "ம்" கொட்டணும். நடுவுல நொய்நொய்னு கேள்வி கேட்டே, பாதியிலயே எந்திரிச்சுப் போயிருவேன், ஆமா. எங்க, ஒரு "ம்" சொல்லு பாப்போம். ஹாங், அப்படி.

ஒரு ஊர்ல ஒரு அம்மன் இருந்தா. கரையம்மான்னு பேரு. அவளுக்குக் கோயில் கிடையாது, கூரை கிடையாது. ஆத்துக்கும் ஊருக்கும் நடுவுல ஒரு பள்ளம், அதுல வெறும் கல்லா நின்னா. உன் இடுப்பு உசரம்தான் இருப்பா. கல்லோட அடியில ரெண்டு பாதம் மட்டும் செதுக்கியிருக்கும்.

அந்த ஊரை மொதமொதல்ல உண்டாக்குனவங்க வேணும்னேதான் அவளப் பள்ளத்துல நட்டாங்க. நட்டுட்டு ஒரு சட்டமும் போட்டாங்க. "கரையம்மா பாதம் நனைஞ்சா பானையப் பாக்காதே, பூட்டைத் தேடாதே, புள்ளையத் தூக்கு, மேட்டுக்கு ஓடு." அவ்ளோதான் சட்டம். மழைக்காலம் வந்தா ஆறு சலசலன்னு ஏறும். ஏறி, மெல்ல வந்து பாதத்தத் தொடும். தொட்டதும் எவளாவது ஒருத்தி, "அடியேய், பாதம் நனைஞ்சிருச்சு!"ன்னு கத்துவா. அப்புறம் என்ன? தடதடதடன்னு ஊரே புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஓடும். பல தடவ தண்ணி ஊருக்குள்ள வராமலே வடிஞ்சிரும். போட்ட சோறு போட்டபடி கெடந்து வீணாப்போவும். ஆனாலும் ஓடுவாங்க. அதனால வெள்ளத்துல ஒரு புள்ளையக்கூட அந்த ஊரு பறிகுடுத்ததில்ல. ம் சொல்லு.

அப்போ அந்த ஊர்ல மருதமுத்துன்னு ஒரு பெரிய சம்சாரி இருந்தாரு. ஒரு வருஷம் அவரு வயல்ல நெல்லு அப்படி வெளைஞ்சுது. மனசு குளுந்து அம்மனக் கும்பிட வந்தவரு, பாதத்துல சேறு அப்பியிருக்கறதப் பாத்துட்டாரு. "அடப்பாவிகளா, நாம மெத்தையில படுக்கறோம், ஆத்தாளச் சேத்துல நிக்க வச்சிருக்கோமே! வெக்கமா இல்ல?"ன்னு ஒரே சத்தம். மண்ணக் கொட்டு, மேட்டக் கட்டு, தூக்கி வையின்னாரு.

அங்க செங்கமலம்னு ஒருத்தி நின்னா. அப்பத்தான் அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ. "ஆத்தாளத் தூக்கிட்டா, அப்புறம் தண்ணி வர்றது எப்படிங்க மாமா தெரியும்?"னு கேட்டா. நல்ல கேள்விதானே? மருதமுத்து என்ன சொன்னாரு தெரியுமா? "வந்தா கண்ணு தெரியாதா? நீ நேத்து வந்தவ, பேசாம இரு புள்ள."

அப்புறம் கயித்தக் கட்டி, "ஏலேலோ ஐலசா"ன்னு இழுத்தாங்க. படார்! கயிறு அறுந்துபோச்சு. "பாத்தீங்களா, இத்தன காலம் சேத்துல வுட்டோம்னு ஆத்தாளுக்குக் கோவம்"னாங்க. கோவமாம், மண்ணாங்கட்டி! வேற கயிறு கொண்டாந்து மேட்டுல ஏத்தியே வச்சுட்டாங்க.

அப்புறம் கொஞ்ச வருஷம் கழிச்சு, வெளிநாட்டுக்குப் போயிருந்த பசங்க ஊருக்கு வந்தாங்க. "என்ன இது, மண்ணு மேடு? நம்ம அம்மன் பாக்க கெத்தா வேணாமா?"ன்னு சிமெண்டுல பீடம் கட்டுனாங்க. தூக்கி வைக்கும்போது கல்லு சரிஞ்சு ஒருத்தன் கால் பெருவிரல்ல நச்சுன்னு வுழுந்துது. அப்போ என்ன சொன்னாங்க? "ஆத்தா இன்னும் உசரம் கேக்கறா"ன்னாங்க! சிரிக்காதடி, நெசமாத்தான்.

அதுக்கப்புறம் பாதம் நனையறதே அபூர்வமாயிருச்சு. ஓட வேணாம், சோறு வீணாவாது. எல்லாருக்கும் நிம்மதி. கேள்வி கேட்ட செங்கமலமும் கேட்டதையே மறந்துட்டா.

அவளுக்கு வேற கவலை. கல்யாணமாகி வருஷம் ஓடிப்போச்சு, வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல. ஊரு வாயி சும்மா இருக்குமா? அழுதுகிட்டே கரையம்மா கிட்டப் போயி வேண்டிக்கிட்டா. "ஒரு புள்ளையக் குடு ஆத்தா. அவங்க எல்லாரும் வச்சத விட உசரத்துல உன்ன வைக்கிறேன்." அப்புறம் பொறந்தா ஒரு பொண்ணு. வேம்புன்னு பேரு வச்சா. கன்னத்துல குழி வுழும், உனக்கு வுழற மாதிரியே.

செங்கமலம் சொன்ன சொல்லத் தட்டல. புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு, தலையில செங்கல் சொமந்தா. பீடத்து மேல பீடம், அதுக்கு மேல பளபளன்னு டைல்ஸு. மூணாவது தடவையும் ஆத்தாளத் தூக்குனாங்க. இந்தத் தடவ கயிறும் அறுகல, யாரு காலும் நசுங்கல. லேசாப் போயி உக்காந்துக்கிட்டா. வேம்பு பூவ வச்சுக்கிட்டு எக்கி எக்கிப் பாத்து, "எட்டலம்மா"ன்னா. செங்கமலம் சிரிச்சுக்கிட்டே தூக்கிப் புடிச்சா.

தூங்கிட்டியா? ம்... சரி.

அப்போ ஒரு ஐப்பசியில மழை புடிச்சுது. சோன்னு ஊத்துது, வுடவேயில்ல. ஒரு நாள் விடிஞ்சு பாத்தா, தெருவுல தண்ணி. பக்கத்து வூட்டுக்காரி, "மேட்டுக்குப் போயிருவமா அக்கா?"ன்னா. செங்கமலம் கொடையப் புடிச்சுக்கிட்டு வாசல்ல இருந்தே எட்டிப் பாத்தா. பாதம் காஞ்சு கெடக்கு. தடவுன மஞ்சள்கூட கரையல. "ஆத்தா பாதம் நனையல, எதுக்குடி ஓடணும்? புள்ளைக்கு நெஞ்சு முட்ட சளி. இந்த மழையில தூக்கிட்டுப் போனா காய்ச்சல் வந்துரும்"னா. பக்கத்து வூட்டுக்காரியும் பாதத்தப் பாத்தா, அவளும் போகல. ஊருல எல்லாரும் பாதத்தத்தான் பாத்தாங்க.

வேம்பு, "அம்மா, தண்ணி உறுமுது"ன்னா. "பாதம் நனையலடி தங்கம், நீ படு"ன்னு போத்திவுட்டுட்டு, மாட்ட அவுத்துவுடக் கொல்லைக்குப் போனா செங்கமலம். அவ்ளோ தூரம்தான்டி. இந்தா நம்ம கெணத்தடி தூரம். மடேர்னு கரை ஒடைஞ்சுது. குபுகுபுன்னு தண்ணி. செங்கமலத்த அடிச்சுக்கிட்டுப் போயி முருங்க மரத்துல மாட்டுச்சு. அங்கயிருந்து பாக்கறா, புள்ள படுத்திருந்த வூட்டு மண்ணு செவுரு பொதுக்குனு உக்காருது. வேம்பு, வேம்புன்னு தொண்ட கிழியக் கத்துனா.

என்ன கேக்கற? கெடைச்சாளாவா? கெடைச்சாடி. உசுரோட இல்ல. பொழைச்சுட்டான்னு பொய் சொல்லி முடிக்க எனக்கும் ஆசைதான், முடியலயே. தண்ணி வடிஞ்சப்ப கரையம்மா பீடத்து மேல சிலுசிலுன்னு நிக்கறா. பாதத்துல மஞ்சள் அப்படியே இருக்கு.

அப்புறம் ஊரே வந்து ஒக்காந்து அழுதுது. மருதமுத்து தலையில தலையில அடிச்சுக்கிட்டாரு. "உம் பொண்ணு இனி கன்னித் தெய்வம் தாயி. ஆத்தா பக்கத்துலயே உசரமா ஒரு பீடம் கட்டி வச்சிருவோம்"னாரு.

செங்கமலம் எந்திரிச்சா. "உசரமா? இன்னும் உசரமா?"ன்னா. "நாந்தான் செங்கல்லு சொமந்தேன். என் தலையாலதான் சொமந்தேன். போதும். எம் பொண்ணுக்குக் கல்லு வையுங்க, ஆனா கீழ பள்ளத்துல வையுங்க. தண்ணி மொதல்ல வர்ற எடத்துல. சின்னதா ரெண்டு பாதம் செதுக்குங்க."

கரையம்மாவ எறக்க எவனுக்கும் கை வரல, சாமி குத்தமாயிரும்னு பயம். அதனால அவ சொன்னபடியே வேம்புக்குப் பள்ளத்துல ஒரு கல்லு நட்டாங்க.

அடுத்த மழைக்கு ஆறு ஏறுச்சு. செங்கமலம் அந்தக் கல்லுகிட்டயே நிக்கறா. தண்ணி நெளிஞ்சு நெளிஞ்சு வந்து அந்தச் சின்னப் பாதத்தத் தொட்டுச்சு. பெத்தவளுக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லு? முந்தானையால தொடச்சு, வாரி எடுத்து மடியில வச்சுக்கணும்னு கை பரபரங்குது. மருதமுத்துக்கே தாங்கல. "வேணாம் தாயி, கொளந்த குளுருல நிக்குது. ஒத்தச் செங்கல்லாச்சும் கீழ வைக்கிறேனே"ன்னு குனிஞ்சாரு. "கைய வைக்காதீங்க!"ன்னா செங்கமலம். அப்புறம் ஊரப் பாத்துத் திரும்பிக் கத்துனா. "எம் பொண்ணு கால் நனைஞ்சிருச்சு! ஓடுங்கடீ!"

தடதடதடன்னு ஊரே ஓடுச்சு. ஆளுக்கொரு புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடுனாங்க. கடைசியா செங்கமலம் வெறுங்கையோட ஓடுனா.

கதை கரையேறிருச்சு. நீ போத்திக்கிட்டு கண்ண மூடு, தங்கம்.