கரடி மகன் சபைக்குப் போன கதை

மலைச்சோலை ஒன்றில் சடைச்சி என்ற கரடி வாழ்ந்து வந்தாள். அவளுக்கு ஒரே மகன், மொக்கையன். அவன் வளர்ந்து ஆளாகி, ஓடைக்கு அப்பால் தனிக் குகையில் குடியிருந்தான். தேன் என்றால் போதும், அவனுக்குக் கண்மண் தெரியாது.

ஒருநாள் காலையில் மொக்கையன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“அம்மா! தப்புப் பண்ணிட்டேன்! தேன் இருக்கும்னு நினைச்சு ஒரு பொந்துக்குள்ள கையை விட்டேன். அது இருவாட்சியோட கூடு!”

சடைச்சிக்குப் பகீரென்றது. பெண் இருவாட்சி முட்டையிட்டதும் பொந்தின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளேயே இருக்கும். இறகெல்லாம் உதிர்ந்துவிடும், பறக்க முடியாது. சுவரில் விட்ட சிறு இடுக்கு வழியாக ஆண் பறவை பழம் ஊட்டும். அந்த மண்சுவர்தான் பெண் பறவைக்கும் குஞ்சுக்கும் காவல்.

“சுவர் என்னடா ஆச்சு?”

“இடிஞ்சு போச்சு. குஞ்சு கத்துச்சு. பயந்து ஓடியாந்துட்டேன்.”

அடுத்தவர் கூட்டை உடைத்தவரைக் காட்டைவிட்டே துரத்த வேண்டும் என்பது அங்கே சட்டம்.

“அம்மா, நான் உன்கூட இருந்தேன்னு சொல்லிடு! இந்த ஒரு தடவை மட்டும்!”

சடைச்சி அவனைத் திட்டவில்லை. “சரி, உள்ளே போய்ப் படு” என்றாள்.

அன்று பகலில் காட்டெருமைத் தலைவர் சபையைக் கூட்டினார். ஆண் இருவாட்சி அழுதபடி நடந்ததைச் சொன்னது. கையை விட்டது யார் என்று இருட்டுப் பொந்துக்குள் இருந்த பெண் பறவைக்கும் தெரியவில்லை. மரத்தடியில் பதிந்த காலடித் தடங்களைப் பிறகு பெய்த மழை அழித்துவிட்டிருந்தது.

“சடைச்சி, பொந்து பொந்தாகத் தேன் தேடுகிறவன் உன் மகன். அவன் காலையில் எங்கே இருந்தான்?” என்று கேட்டார் தலைவர்.

“என்னோடுதான் இருந்தான், ஐயா. இரண்டு பேரும் கரையான் புற்றைத் தோண்டிக்கொண்டிருந்தோம்.”

உடனே கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. “அப்படியானால் மரநாய்தான்! போன வருஷம் இருவாட்சியின் அத்திப்பழத்தைத் திருடியவள் அவள்தானே!”

“ஆமாம், அவள்தான்!” என்று எல்லோரும் கத்தினார்கள்.

மரநாய் தலைவர் முன்னால் ஓடி வந்தாள். “ஐயா, நான் அந்தப் பக்கமே போகலை! என் குட்டிங்க இன்னும் கண்ணு திறக்கலை. அதுங்களைத் தூக்கிக்கிட்டு இந்த மழையில நான் எங்கே போவேன்?”

“நாளைக் காலையில் தீர்ப்பு” என்று சொல்லித் தலைவர் எழுந்தார்.

சடைச்சி வீட்டுக்கு வந்தாள். மகன் வயிறு நிறைய நாவற்பழம் தின்றுவிட்டுக் கால்நீட்டிப் படுத்திருந்தான்.

“தப்பிச்சோமாம்மா?”

“நீ தப்பிச்சே. மரநாய் மாட்டிக்கிட்டா. நாளைக்கு அவ குட்டிங்களோட காட்டைவிட்டுப் போகணும்.”

மொக்கையன் எழுந்து உட்கார்ந்தான்.

“நான் சொன்ன பொய்யை நாளைக்கு நானே திருப்பிக்கப் போறேன்” என்றாள் சடைச்சி. “உன் தப்பைச் சொல்ல வேண்டியது நீதான்.”

“என்னைத் துரத்திட்டா?”

“துரத்தினா உன்கூட எல்லை வரைக்கும் நடந்து வருவேன். போற இடத்துக்கும் வந்து பார்ப்பேன். பெத்தவ வேற என்னடா செய்ய முடியும்?”

மறுநாள் இருவரும் ஒன்றாகவே சபைக்குப் போனார்கள். சடைச்சி முதலில் பேசினாள். “ஐயா, நேற்று நான் சொன்னது பொய்!”

மொக்கையன் தாயின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். தாய் அவன் பக்கத்தில் வந்து நின்றாள், அவனுக்காகப் பேசவில்லை. கடைசியில் அவனே வாய் திறந்தான். “சுவரை இடிச்சது நான்தான்.”

“துரத்துங்கள்!” என்று சபை கத்தியது.

“கொஞ்சம் பொறுங்கள்!” என்றது ஆண் இருவாட்சி. “இவனைத் துரத்தினால் எனக்கு என்ன லாபம்? என் மனைவி மறுபடி சுவர் வைத்திருக்கிறாள். மழையில் அது காயவில்லை. நான் பழம் தேடிப் போகும்போது உடும்பு வந்தால் யார் பார்ப்பது? குஞ்சு பறக்கும்வரை இவன் மரத்தடியில் காவல் நிற்கட்டும்!”

தலைவர் தலையாட்டினார். “அதுவே தீர்ப்பு. சடைச்சி, பொய்யால் நீ மரநாயைக் கலங்க வைத்தாய். மழை ஓயும்வரை அவள் வீட்டுக்குப் பழம் கொண்டுபோய்க் கொடு.”

சடைச்சி அங்கேயே மரநாயிடம் மன்னிப்புக் கேட்டாள்.

அன்று முதல் மொக்கையன் மரத்தடியில் நின்றான். மழை கொட்டியது. ஒரு பிற்பகல் தாய் பலாச்சுளையோடு வந்தாள். மகனின் சடை முழுக்க ஈரம் சொட்டுவதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை.

“நீ போய்க் கொஞ்சம் படுடா. நான் நிக்கிறேன்.”

“வேண்டாம்மா. இது என் காவல். நீ சுளையைக் கொடுத்துட்டுப் போ!”

அந்த நேரம் பார்த்து உடும்பு ஒன்று மரத்தில் ஏறப் பார்த்தது. மொக்கையன் உறுமிய உறுமலில் அது ஓடைப்பக்கம் ஓடியே போய்விட்டது. பொந்தின் இடுக்கில் தெரிந்த அலகு உள்ளே போய் மறுபடி எட்டிப் பார்த்தது. சடைச்சி சிரித்துக்கொண்டே மரநாய் வீட்டுக்குப் பழம் பறிக்கக் கிளம்பினாள்.

மழை ஓய்ந்து வெயில் வந்தபோது மண்சுவர் உள்ளிருந்து உடைந்தது. குஞ்சு தடுமாறி வெளியே வந்து, கிளையில் உட்கார்ந்து, பிறகு சிறகடித்துப் பறந்தது. மொக்கையன் தானே பெற்ற பிள்ளைபோலத் துள்ளிக் குதித்தான். ஆண் இருவாட்சி பழுத்த அத்தி ஒன்றை அவன் முன்னால் போட்டது.

“தின்னு! இன்றோடு உன் காவல் முடிந்தது.”

அவன் அதைப் பாதி கடித்து, மீதியைப் பக்கத்தில் நின்ற அம்மாவிடம் நீட்டினான்.

பிள்ளையின் குற்றத்தை மறைப்பதல்ல, அதை அவன் ஒப்புக்கொள்ளப் போகும்போது பக்கத்தில் நிற்பதே பெற்றவர் அன்பு.