ஆலா ஏன் தலை குனிந்து பறக்கிறது

பறவைகளோடு மனிதர்கள் பேசிப் பழகிய அந்தக் காலத்தில், கடலோரத்தில் ஒரு சிறு கூட்டம் பசியால் வாடியது. மூன்று ஆண்டுகளாக மழை இல்லை. கிழங்குகூடப் பட்டுப்போனது. அப்போது ஆலா என்ற கடற்பறவை வந்து, "தெற்கே நாலு பகல் தொலைவில் ஒரு பெருநிலம் கிடக்கிறது. மனிதக் காலடியே படாத மண்" என்றது.

கூட்டத்தார் மூங்கில் வெட்டித் தெப்பம் கட்டினார்கள். கூட்டத்துப் பெண் எயினியும் ஏறினாள். அவள் தங்கை நாவி நிறைமாதக்காரி. அலையில் அவளைக் கொண்டுபோக முடியாது. கணவனோடு கரையில் நின்றாள்.

"பிள்ளை பிறந்ததும் நாங்களும் தெப்பம் கட்டி வந்துவிடுகிறோம் அக்கா. நீ போ."

புதுநிலத்தில் மீனும் கிழங்கும் மண்டிக் கிடந்தன. எயினிக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. நீரோட்டத்தை எதிர்த்துத் தெப்பம் திரும்பாது. "என் தங்கையைப் பார்த்துவிட்டு வா" என்று ஆலாவை அனுப்பினாள்.

பழைய கரையைப் புயல் வாரிக்கொண்டு போயிருந்தது. குடிசையும் இல்லை, ஆளும் இல்லை. திரும்பி வந்த ஆலாவுக்கு, எயினியின் முகத்தைப் பார்த்ததும் உண்மை சொல்ல நா எழவில்லை.

"பெண் குழந்தை. மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கிறது" என்றது.

கூட்டம் ஆற்றைத் தேடி உள்நாட்டுக்குப் போனது. அந்த ஒரு சொல்லை நம்பி எயினி மட்டும் கரையிலேயே தங்கிவிட்டாள். ஆண்டுதோறும் ஆலாவை அனுப்பினாள். அதுவும் பாதிக் கடலிலேயே திரும்பி வந்து, அதே சேதியைச் சொன்னது.

ஆறாம் ஆண்டு எயினி காய்ச்சலில் மணலில் கிடந்தாள்.

"குழந்தை என்ன செய்கிறாள்?"

"மடியில் பால் குடிக்கிறாள்."

"எங்கள் பிள்ளைகள் இத்தனை வருஷம் பால் குடிப்பதில்லை, ஆலா" என்றாள் மெல்ல. "எனக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. நீ சொல்லக் கேட்க ஆசையாக இருந்தது, அதனால் பேசாமலிருந்தேன்."

ஆலா தலையைக் குனிந்துகொண்டது.

"இந்த ஒரு தடவை உண்மையாகவே தேடிப் பார்."

ஆலா கரை கரையாகத் தேடியது. யாரையும் காணாமல் திரும்பியபோது, கேட்பதற்கு எயினி உயிரோடு இல்லை.

அன்று முதல்தான் ஆலா எந்தக் கரையிலும் நிலைகொள்ளாமல் ஆண்டுதோறும் கடல் கடந்து போய் வருகிறது. தலையைக் குனிந்து, தண்ணீரைத் துழாவிப் பார்த்தபடியே பறக்கிறது.