விருந்துக்குப் போன வீட்டுக்காரர்கள்

ஆமாங்குளத்தில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூத்தவன் பேச்சிமுத்து, அடுத்தவன் சொரிமுத்து, கடைசி இசக்கி. யார் எதைச் சொன்னாலும் சொன்னது சொன்னபடி செய்வார்கள். அதனாலேயே ஊரில் யாரும் அவர்களிடம் எதையும் சொல்வதில்லை.

மூவருக்கும் ஒரே ஒரு ஆசைதான். ஒரு நல்ல நாளிலாவது பாயசத்தைச் சூடாகக் குடிக்க வேண்டும். விசேஷம் என்றால் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதானே வீட்டுக்காரர்கள் உட்காரலாம்? அந்நேரத்துக்குப் பாயசப் பானையில் கரண்டி மட்டும்தான் கிடக்கும். போன தீபாவளிக்கு இசக்கி அந்தக் கரண்டியை நக்கிவிட்டான். அண்ணன்கள் அதை இன்னும் மறக்கவில்லை.

சித்திரை முதல் நாள் வந்தது.

"ஏல, இந்த வருசம் டவுனுக்குப் போயி ஓட்டல்ல சாப்பிடுவோம்," என்றான் பேச்சிமுத்து. "அங்க நாமதான் விருந்தாளி. நமக்குத்தான் மொதப் பந்தி."

வீட்டைப் பூட்டினார்கள். அதற்குள் வாசலுக்கே வந்துவிட்ட மாமாவிடம் "நாங்க வீட்டுல இல்ல" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்கள்.

ஓட்டலில் நல்ல கூட்டம். தெருவிலேயே பாயச வாசனை அடித்தது. இலைக்கட்டோடு ஓடிக்கொண்டிருந்த சர்வர், "காலியா இருக்கிற எடத்துல உக்காருங்க," என்றார்.

"அந்த மூலையில உக்காருவமா?" என்றான் இசக்கி.

"அங்கன மேசை இருக்குல்லா? நாலு நாற்காலி வேற. அது எப்படில காலி எடமாகும்?" என்றான் பேச்சிமுத்து.

சொரிமுத்து சுற்றிப் பார்த்து, கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தைக் கண்டுபிடித்தான். மூவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். கை கழுவியவர்கள் திரும்பும்போது அவர்கள் மேல் ஈரக்கையை உதறினார்கள்.

"பன்னீர் தெளிக்காவ," என்றான் பேச்சிமுத்து. "மரியாதை தெரிஞ்ச எடம்."

கல்லாவில் இருந்த முதலாளி தாணு அண்ணாச்சி பதறிப்போய் வந்தார். "என்னத்துக்குப்பா தரையில இருக்கீங்க? கூச்சப்படாதீங்க. இத உங்க வீடுன்னு நெனச்சுக்கிடுங்க."

சொல்லிவிட்டு அவர் கல்லாவுக்குப் போய்விட்டார். மூவர் முகமும் செத்துப்போனது.

"நம்ம வீடாம்ல," என்றான் சொரிமுத்து.

"அப்ப இங்க சாப்பிடுதவங்க எல்லாம்?"

"விருந்தாளிக."

"இத்தன பேரா?" இசக்கிக்கு அழுகை வந்தது.

"நல்ல நாளும் அதுவுமா வந்தவங்கள என்ன சொல்ல முடியும்? வேட்டிய மடிச்சுக் கட்டு," என்றான் பேச்சிமுத்து.

அவன் வாசலில் போய் நின்று, வருகிற ஒவ்வொருவரையும் கும்பிட்டான். "வாங்க, வாங்க. இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?" சொரிமுத்து இலை இலையாகக் குனிந்து பார்த்து, "என்ன, இப்படிக் கொறிக்கீங்க? ஒடம்புக்குச் சொகமில்லையா?" என்று விசாரித்தான். இசக்கி பாயச வாளியைத் தூக்கிக்கொண்டான். ஆவி பறக்கும் ஒவ்வொரு கரண்டியையும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் ஊற்றினான். அதில் ஒரு கரண்டி, ஒரு போலீஸ்காரரின் சட்டைப் பைக்குள் விழுந்தது. அவர் கோபப்படவில்லை. சொந்தத் தங்கச்சி கல்யாணத்தில்கூட அவரை யாரும் இப்படி உபசரித்ததில்லை.

உபசாரம் பற்றிக் கேள்விப்பட்டுக் கூட்டம் இன்னும் வந்தது.

"நீங்களும் உக்காருங்கப்பா," என்றார் அண்ணாச்சி.

"வந்தவங்க சாப்பிடட்டும் அண்ணாச்சி. எங்களுக்கென்ன, வீட்டு ஆளுக."

ஒருவழியாகக் கடைசிப் பந்தியும் எழுந்தது. சமையல்காரர்களும் சர்வரும் பின்பக்கமாக வீட்டுக்குப் போய்விட்டார்கள். வாளியில் ஒரே ஒரு டம்ளர் பாயசம் இருந்தது. சூடாக இருந்தது. இசக்கி கையை நீட்டினான்.

"நில்லுல," என்றான் பேச்சிமுத்து. "அண்ணாச்சி, நீங்க சாப்பிட்டாச்சா?"

அண்ணாச்சிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "இனிமேதான்," என்றார்.

அவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்து இலை போட்டார்கள். பாயசம் வேண்டாம் என்று அவர் எவ்வளவோ மறுத்துப் பார்த்தார். இசக்கி கண்ணை இறுக மூடிக்கொண்டு அவர் வாயில் ஊற்றியேவிட்டான். அப்புறம் வெற்றிலை மடித்துக் கொடுத்து, தெரு வரைக்கும் கொண்டுபோய் விட்டார்கள்.

"ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி. பொறப்படுங்க, ஒங்க வீட்டுல தேடுவாவ. அடிக்கடி வரணும்."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள்.

மூவரும் காலி வாளியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கரண்டி கிடந்தது. அண்ணன்கள் இசக்கியைப் பார்த்தார்கள். இசக்கி கூரையைப் பார்த்தான்.

"வீட்டுல விசேஷம் வச்சாலே இந்தக் கதிதான்," என்றான் பேச்சிமுத்து. "அடுத்த வருசம் யாரு என்ன சொன்னாலும் சரி, ஓட்டலுக்குப் போயிரணும்."

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். விடாமல் தட்டினார்கள்.

"இன்னும் ஒரு விருந்தாளி வந்திருக்காவ," என்றான் சொரிமுத்து, எழுந்திருக்கத் தெம்பில்லாமல்.

பேச்சிமுத்துதான் எழுந்து போனான். கதவில் வாயை வைத்து மரியாதையாகச் சொன்னான்:

"நாங்க வீட்டுல இல்ல."