இருவாச்சிக்குத் தூது போன கரிச்சான்

மலைக்காட்டில் ஒரு உயரமான நாங்கு மரம். அதன் பொந்தில் சடைச்சி என்ற பெண் இருவாச்சிப் பறவை அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

இருவாச்சிகளின் குடித்தனமே ஒரு தினுசு. முட்டையிடும் காலத்தில் பெண் பொந்துக்குள் புகுந்து, மண்ணும் எச்சமும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். மூக்கை நீட்ட மட்டும் ஒரு கீற்று இடைவெளி. உள்ளே போனதும் இறகுகளை வேறு உதிர்த்துவிடும். குஞ்சு வளரும்வரை புருஷன் கொண்டுவந்து ஊட்டினால்தான் சாப்பாடு. அவன் வராவிட்டால் தாயும் பிழைக்காது, குஞ்சும் பிழைக்காது.

சடைச்சியின் புருஷன் முடியாண்டி நல்லவன். நாளைக்கு நாலு நடை வருவான். அத்திப்பழம் ஊட்டிவிட்டு, வாசலில் தொற்றிக்கொண்டு காட்டுக்கதை எல்லாம் பேசுவான். அவன் றெக்கைச் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே சடைச்சியின் மூக்கு வெளியே வந்துவிடும்.

அந்த வருஷம் சூறைக்காற்றில் பக்கத்து அத்திமரம் சாய்ந்துவிட்டது. அடுத்த அத்திமரம் இரண்டு மலை தாண்டி இருந்தது. பறந்து பறந்து முடியாண்டியின் வலது றெக்கை வீங்கிவிட்டது.

அப்போதுதான் கரிச்சான் வந்தது. எந்தப் பிராணி பேசினாலும் அதே குரலில் திருப்பிச் சொல்கிற பறவை அது. கேட்டுக் கேட்டே காட்டின் பேச்சு முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தது. நம் கைப்பேசியில் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் செயற்கை அறிவு இருக்கிறதே, ஏறக்குறைய அந்த மாதிரி.

"ஏன் அண்ணே இப்படி அல்லாடுறீங்க? தினமும் காலையில நான் போய் அண்ணிக்கு என்ன வேணும்னு கேட்டுட்டு வரேன். நீங்க ஒரே நடையில கொண்டுபோய்க் கொடுத்துடுங்க!" என்றது கரிச்சான்.

"அவ பேசுறது உனக்குப் புரியுமா?" என்று கேட்டான் முடியாண்டி.

"என்ன அண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க! யானை பேசினாலே எனக்குப் புரியும்!"

ஏற்பாடு நன்றாகத்தான் நடந்தது. பத்து அத்தியும் ஒரு பல்லியும் என்று சடைச்சி சொன்னால், பத்து அத்தியும் ஒரு பல்லியும் வந்தன. குஞ்சு பொரித்த செய்தியைக்கூடக் கரிச்சான்தான் கொண்டுபோனது. முடியாண்டி அந்தத் தூரத்து அத்திமரத்திலேயே தங்கிக்கொண்டு, தினம் ஒரு நடை வந்தான். ஊட்டினான். "கேட்டதெல்லாம் சரியா இருக்கா? அப்ப வரேன்" என்று கிளம்பிவிட்டான்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சடைச்சிக்கு ஏக்கமாக இருந்தது. இருட்டுப் பொந்தில் நாள் முழுக்க அவள் காத்திருந்தது பல்லிக்காகவா? முன்போல ரெண்டு வார்த்தை பேசமாட்டானா என்று மனசு கிடந்து தவித்தது. அதை வாய்விட்டுக் கேட்க ரோஷம் விடவில்லை.

ஒருநாள் காலையில் தூரத்தில் றெக்கைச் சத்தம் கேட்டது.

"வந்துட்டீங்களா!" என்று சடைச்சி மூக்கை நீட்டினாள்.

எதிரே உட்கார்ந்திருந்தது கரிச்சான்! "எப்படி அண்ணி? அண்ணன் சத்தம் அச்சு அசலா இருந்துச்சா? நீங்க சந்தோஷப்படுவீங்கன்னுதான் செஞ்சேன்! சரி, இன்னிக்கு என்ன வேணும்?"

சடைச்சி மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள். "ஒண்ணும் வேண்டாம். அவரை இந்தப் பக்கமே வர வேண்டாம்னு சொல்லு!"

கரிச்சான் பறந்து போய், அவள் குரலிலேயே அதைச் சொன்னது.

முடியாண்டி திடுக்கிட்டான். "கோபமா இருக்காளா?"

"அதெல்லாம் இல்லை அண்ணே! வேண்டாம்னு சொன்னவங்க ஆயிரம் பேரைக் கேட்டிருக்கேன். முக்கால்வாசிப் பேருக்கு வயிறு நிறைஞ்சிருக்கும். அண்ணிக்கும் அப்படித்தான்!"

வலிக்கிற றெக்கைக்கு அந்தப் பதில் இதமாக இருந்தது. முடியாண்டி நம்பிவிட்டான். நம்பத்தான் அவனுக்கும் ஆசை.

மறுநாள் கரிச்சான் கேட்டபோது, "அவர் சௌகரியம் எப்படியோ அப்படிச் செய்யட்டும். எனக்கென்ன!" என்றாள் சடைச்சி.

"உங்க சௌகரியமாம் அண்ணே! இன்னிக்கும் படுத்து ஓய்வெடுங்க!" என்று வந்து சொன்னது கரிச்சான்.

பொந்துக்குள் மிச்சமிருந்த பழம் தீர்ந்தது. சுவரில் ஊர்ந்த பூச்சிகளையும் பிடித்துக் குஞ்சுக்குக் கொடுத்துவிட்டாள் சடைச்சி. அவள் வயிறு காய்ந்தது. குஞ்சின் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. வர வேண்டாம் என்றால் பேசாமல் இருந்துவிடுகிறவனா முடியாண்டி? அவனுக்கு என்ன ஆச்சோ என்று அவளுக்குக் கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் கரிச்சான் திரும்பி வந்து, "இன்னிக்குச் சேதி ஒண்ணும் இல்லை அண்ணே" என்றது.

"ஒண்ணுமே சொல்லலையா?"

"பழமா, பல்லியான்னு கேட்டேன். அதுக்குப் பதிலே இல்லை. சம்பந்தமில்லாம வேற ஏதோ கேட்டாங்க. அது எதுக்குன்னு விட்டுட்டேன்."

"என்ன கேட்டா? அதைச் சொல்லு!"

கரிச்சான் சடைச்சியின் குரலில் சொன்னது. "'அந்தப் பக்கம் மழையா? அவர் றெக்கை தேவலையா?' அவ்வளவுதான் அண்ணே. குஞ்சுகூடச் சத்தமே போடாம சமர்த்தா இருக்கு!"

முடியாண்டி துள்ளி எழுந்தான். "அட பாவி! குஞ்சு சத்தம் போடலையா? பசியில சாகப் போகுதுடா!"

தொண்டை கொள்ளுமட்டும் அத்தியை விழுங்கிக்கொண்டு கிளம்பினான். றெக்கை விண்விண் என்று தெறித்தது. முதல் மலை தாண்டினான். இரண்டாவது மலையில் ஒரு கிளையில் விழுந்து எழுந்தான். நிற்கவில்லை.

றெக்கைச் சத்தம் சடைச்சிக்குக் கேட்டது. ஆனால் அவள் மூக்கை நீட்டவில்லை. மறுபடியும் கரிச்சான்தான் என்று நினைத்தாள்.

"சடைச்சி!" என்று கூப்பிட்டான் முடியாண்டி.

அவன் மூக்கைக் கீற்றுக்குள் நுழைத்து ஒரு பழத்தை நீட்டினான். சடைச்சி நிமிர்ந்தாள். அவசரமாக வாங்கிக் குஞ்சின் வாயில் பிழிந்தாள். இரண்டாவது பழம், மூன்றாவது பழம். நாலாவது பழத்துக்குக் குஞ்சு வீல் என்று கத்தியது. அதைக் கேட்ட பிறகுதான் முடியாண்டிக்கு மூச்சு வந்தது.

"யார் உங்களை வரச் சொன்னது?" என்றாள் சடைச்சி.

"யாரும் சொல்லலை."

"றெக்கை வலிக்குதா?"

"வலிக்குது."

"அப்ப கொஞ்ச நேரம் உட்காருங்க."

அவன் உட்கார்ந்தான். பின்னாலேயே வந்த கரிச்சானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அண்ணி, வர வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க! நான் ஒரு எழுத்துக்கூட மாத்தலையே!"

"நீ மாத்தலை தம்பி, உன்மேல தப்பில்லை. நீ எப்பவாவது யாரையாவது எதிர்பார்த்துக் காத்துக்கிட்டிருந்திருக்கியா?" என்று கேட்டாள் சடைச்சி.

கரிச்சான் தனக்குத் தெரிந்த குரல்களை எல்லாம் துழாவிப் பார்த்தது. காத்திருந்தவர்கள் பேசிய பேச்சு ஆயிரக்கணக்கில் இருந்தது. அதில் ஒன்றுகூட அதனுடையது இல்லை. சாயங்காலம்வரை அது அந்தக் கிளையை விட்டு நகராமல், இருவாச்சிகள் பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தது. பாவம், அதற்கும் ஏக்கமாக இருந்ததோ என்னவோ, நமக்கு எப்படித் தெரியும்?

நமக்கு வேண்டியவர் ஒரு வார்த்தையை எந்த மனசோடு சொன்னார் என்பதை, எவ்வளவு கெட்டிக்காரத் தூதன் விளக்கினாலும் அதோடு இருந்துவிடாமல், நாமே நேரில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டும்.