ஒழுகித் தீர்ந்த அரை டேங்க்

ஒரு குற்றத்துக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடிய கதை இது. வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. கேட்டு முடித்ததும் தீர்ப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளுக்கெல்லாம் வண்டி என்று இருந்தது ஜெபமணியின் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். அவர் தோட்டத்து ஃபேக்டரியில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர். யார் அவசரமென்று வந்து நின்றாலும் முகம் சுளிக்காமல் சாவியைக் கொடுப்பார். இரண்டு மாதமாக வண்டிக்கு ஒரு கோளாறு. நிறுத்தி வைத்தால் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகும். உள்ளே பெட்ரோலைத் தடுக்கிற ஊசி சரியாக உட்காரவில்லை என்பது அவருக்குத் தெரியும். கழற்றிப் பார்க்கத்தான் கை வரவில்லை. டேங்குக்கு அடியிலுள்ள டேப்பை மூடினால் ஒழுகாது என்பதால், வண்டியை வாங்கிப்போகிறவர்களிடம் அதை மட்டும் சொல்லி அனுப்புவார்.

சம்பவம் நடந்த அன்று காலை, இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவர் வண்டியைச் சூப்பர்வைசர் வேலாயுதத்திடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டார். டேங்கில் பாதி பெட்ரோல் இருந்தது. வேலாயுதம் தோட்டத்தின் கீழ் டிவிஷனுக்குப் போய்த் திரும்பி வந்து நிறுத்தும்போது மழை பிடித்துக்கொண்டது. சாவியை ஜன்னலில் வைத்துவிட்டு ஓடியவர் டேப்பை மறந்துபோனார்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு வடிவு கொழுந்து பறிக்கக் கிளம்பினாள். வாசலில் பெட்ரோல் வாடை. குனிந்து பார்த்தாள், கார்புரேட்டரிலிருந்து விடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. டேப்பைப் பிடித்து, தண்ணீர்க் குழாயை மூடுகிற மாதிரி, போகிற மட்டும் திருப்பினாள். வேலைச் சங்கு ஊதிவிட்டது. சொட்டு நின்றதா என்று பார்க்க நேரமில்லை. ஜெபமணி அண்ணனுக்கு ஒரு உதவி செய்தோம் என்ற நினைப்போடு கூடையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு, தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் சுடலையை இடது கையில் விரியன் கடித்தது.

நான்கு பேர் தூக்கிக்கொண்டு லைனுக்கு வந்தார்கள். சேதி கேட்டு வடிவும் வேலாயுதமும் பின்னாலேயே ஓடி வந்தார்கள். தோட்டத்து ஜீப் பொள்ளாச்சிக்குப் போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பதினான்கு கிலோமீட்டர். கூச்சல் கேட்டு எழுந்து வந்த ஜெபமணி வண்டியை உதைத்தார். பத்து உதை, இருபது உதை. மூடியைத் திறந்து ஆட்டிப் பார்த்தார். டேங்க் காய்ந்து கிடந்தது.

அவர் கண் டேப்புக்குப் போனது. "ரிசர்வுல நிக்குதே. யாரு திருப்பினது?"

"நான்தாண்ணே. ஒழுகுச்சு, மூடினேன்," என்றாள் வடிவு.

அந்த டேப்பைக் குறுக்கே வைத்தால்தான் மூடும். கீழே பார்த்தால் திறப்பு, மேலே பார்த்தால் ரிசர்வ், அடியில் மிஞ்சுகிற பெட்ரோலையும் விட்டுவிடும். திறந்தபடி விட்டிருந்தால் கடைசி ஒரு லிட்டர் ஒழுகாமல் டேங்கிலேயே தங்கியிருக்கும். வடிவு திருப்பியதில் அதுவும் மண்ணுக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரி போய்ச்சேர அந்த ஒரு லிட்டர் போதும். கூட்டத்தில் யாரோ இதைச் சொன்னது அவள் காதில் விழுந்தது. சுடலையின் கை முழங்கைவரை வீங்கியிருந்தது. பல் ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது.

"அண்ணே, அவர இப்படியே விட்டுராதீங்க," என்றாள்.

பெட்ரோலும் போனும் மூன்று கிலோமீட்டர் மேலே ஃபேக்டரியில்தான் இருந்தன. வேலாயுதம் அந்த ஏற்றத்தில் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஓடினார். அவர் திரும்பும்வரை காத்திருக்க முடியாது. ஜெபமணி வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "பாதை இறக்கந்தான். உருட்டிட்டே போவோம். அவனை ஏத்து."

சுடலையை நடுவில் வைத்து, வடிவு பின்னால் உட்கார்ந்து, தன் முந்தானையால் அவனை ஜெபமணியோடு சேர்த்துக் கட்டினாள். இன்ஜின் சத்தம் இல்லாமல் வண்டி இறங்கியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பிரேக் கருகும் நாற்றம் வந்தது. சமதளம் வந்த இடங்களில் அவள் குதித்து இறங்கித் தள்ளினாள். கல் குத்திப் பாதம் கிழிந்ததைப் பிறகுதான் பார்த்தாள். ஒன்பதாவது கிலோமீட்டரில் ஆற்றுப் பாலம். அதற்கப்பால் ஒரே ஏற்றம். முடிந்தது என்று அவள் நினைத்தபோது, வேலாயுதம் போன் செய்து வரவழைத்த ஆம்புலன்ஸ் எதிரே வந்து நின்றது.

சுடலை பிழைத்தான். ஆனால் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. இன்னும் அரைமணி முன்னால் வந்திருந்தால் விரல்கள் தப்பியிருக்கலாம் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். டேப்பை மறந்தது தான்தான், எல்லாம் அங்கேதான் தொடங்கியது என்றார் பின்னால் வந்துசேர்ந்த வேலாயுதம். கோளாறு தன் வண்டியுடையது என்றார் ஜெபமணி. வடிவு இருவரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. "நான் கை வைக்காம போயிருந்தா ஒரு லிட்டர் மிஞ்சியிருக்கும். என் கையாலதான் அவரு வெரலு போச்சு," என்றாள்.

மறந்தவரா, தெரியாமல் திருப்பியவளா, தெரிந்தும் விட்டுவைத்தவரா? அந்த இரண்டு விரல்களுக்கு யார் பொறுப்பு?

விடை: மழையில் ஓடுகிறவன் மறப்பான். ஒழுகுவதைக் கண்டவள் தனக்குத் தெரிந்தபடி மூடப் பார்ப்பாள். இரண்டும் மனிதர் இயல்பு. பழுது இன்னதென்று அறிந்தவர் ஒருவர்தான். சரிசெய்யும் தொழிலும் அவருடையதுதான். தான் செய்யவேண்டிய வேலையை ஊராரின் ஞாபகத்தில் ஏற்றிவிட்ட ஜெபமணியே பொறுப்பு. உயிர் பிழைக்க வைத்ததும் அவரே என்பதால் அந்தப் பொறுப்பு கழிந்துவிடாது. மறுநாள் அவர் கார்புரேட்டரைக் கழற்றினார். ஊசி உட்காரும் இடத்தில் கடுகளவு துரு இருந்தது. துடைத்து மாட்டப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.