புது எஞ்சினும் பழைய ஆக்சிலும்

ஒரு காட்டில் ஒரு லாரி இருந்தது. காட்டில் ஏது லாரி என்று கேட்கக் கூடாது, இருந்தது, அவ்வளவுதான். மரம் வெட்ட வந்தவர்கள் விட்டுவிட்டுப் போன பழைய லாரி அது. விலங்குகள் அதன் மேல் ஒரு தண்ணீர்த் தொட்டியை ஏற்றி வைத்திருந்தன.

கோடையில் மலை மேலிருக்கும் சுனைகள் வற்றிவிடும். அடிவாரக் குளத்தில் மட்டும் தண்ணீர் கிடக்கும். தினமும் காலையில் கரடி அங்கே தொட்டியை நிரப்பி, லாரியை மேலே ஓட்டிப் போகும். வழியில் செங்குத்தான ஒரு வளைவு உண்டு. குட்டிகள் எல்லாம் அங்கேதான் காத்து நிற்கும். லாரி வந்ததும் பின்னாலேயே ஓடி, தொட்டியிலிருந்து சொட்டும் தண்ணீரை நக்கிக்கொண்டே மேடு ஏறும். மிளா என்ற பெரிய மானின் குட்டிக்கு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதுதான் எல்லாருக்கும் முந்திக்கொண்டு சக்கரத்தை ஒட்டி ஓடும்.

அந்த வருஷம் எஞ்சின் தளர்ந்துவிட்டது. பாதித் தொட்டித் தண்ணீரைத்தான் அதனால் இழுக்க முடிந்தது. பாதித் தண்ணீர் யாருக்குப் போதும்? மேலே இருந்த விலங்குகள் வாடிப் போயின.

அப்போதுதான் பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்த ஒரு பெரிய லாரி கரடியின் கண்ணில் பட்டது. யானைகள் அதன் எஞ்சினை இழுத்து வந்தன. கைகாரக் குரங்கு இரண்டே நாளில் அதைப் பழைய லாரியில் பொருத்திவிட்டது. சாவியைத் திருப்பினால், அப்பப்பா, காடே அதிர்ந்தது. கரடி காலி லாரியைக் குளக்கரை மணலில் இரண்டு சுற்று பறக்க விட்டது. யானைகளுக்கு நன்றி, குரங்குக்கு நன்றி என்று எல்லாரும் கொண்டாடினார்கள்.

அழுங்கு மட்டும் கொண்டாடவில்லை. உடம்பெல்லாம் செதில் உள்ள, எறும்பு தின்கிற, பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்கிற சாது அது. லாரிக்கு அடியில் படுத்து கிரீஸ் வைப்பது அதன் வேலை. அடியில் கிடப்பவரை யார் கவனிப்பார்கள்? அது மெதுவாகக் கரடியிடம் போய், பின் ஆக்சில் இதைத் தாங்குமா என்று கேட்டது. பின் சக்கரங்களைச் சுற்ற வைக்கும் இரும்புத் தண்டுதான் ஆக்சில்.

கரடி சிரித்துவிட்டது. "இத்தனை வருஷம் தாங்கிய ஆக்சில் இன்றைக்குத் தாங்காதா?"

"தாங்கியது பழைய எஞ்சினை, அண்ணா."

"இப்போது ஓட்டிக் காட்டினேனே, பார்க்கவில்லையா?"

"காலி வண்டி. சக்கரம் மணலில் வழுக்கிச் சுற்றியது, ஆக்சில் தப்பித்தது. தொட்டி நிரம்பினால் சக்கரம் தரையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அப்போது எஞ்சினின் முழு பலமும் ஆக்சில் மேல்தான் விழும். கீழேயே ஒருதரம் சோதித்துவிடலாம்."

நல்ல நேரத்தில் அபசகுனமாகப் பேசாதே என்று கரடி அதட்டியது. சோதனைக்கெல்லாம் நேரமில்லை என்றது குரங்கு. தண்ணீரைச் சீக்கிரம் கொண்டுபோகச் சொல்லி மலையிலிருந்து இறங்கி வந்திருந்த மிளாவும், வளைவில் குட்டி காத்திருக்கிறது, கிளம்புங்கள் என்று அவசரப்படுத்தியது.

தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தபோது அழுங்கு லாரிக்கு அடியில் நுழைந்தது. பின் சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு பெரிய கல்லை உருட்டி வைத்துவிட்டு வெளியே வந்தது.

கரடி ஏறி உட்கார்ந்தது. லாரி நகரவில்லை. கரடிக்கு வந்ததே கோபம், ஆக்சிலரேட்டரை அழுத்தி ஒரே மிதி மிதித்தது. பின்னால் டணார் என்று ஒரு சத்தம். எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. சக்கரம் மட்டும் சுற்றவே இல்லை. ஆக்சில் முறிந்துவிட்டது.

"கல்லை வைத்தது நான்தான்" என்றது அழுங்கு.

சும்மா விடுவார்களா? ஆளாளுக்குப் பிடித்துத் திட்டினார்கள். இருந்த ஒரு லாரியையும் கெடுத்துவிட்டாயே, என் குட்டி தொண்டை வறண்டு நிற்கிறதே என்று மிளா அழுதது. அழுங்கு பந்தாகச் சுருண்டுகொண்டது.

குரங்கு சக்கரத்துப் பக்கமாக ஆக்சிலை உருவி எடுத்தது. முறிந்த இடத்தைப் பார்த்ததும் அதன் முகம் வெளிறிவிட்டது. பாதி இரும்பு வெள்ளி போலப் பளபளத்தது. அது இப்போது முறிந்தது. மீதிப் பாதி கறுத்துக் கிடந்தது. அது பழைய விரிசல், எத்தனையோ நாளாக உள்ளே இருந்திருக்கிறது.

"கல் இல்லாவிட்டாலும் முறிந்திருக்கும். செங்குத்து வளைவில் கரடி ஒரு மிதி மிதித்திருந்தால் போதும்" என்றது குரங்கு.

வளைவில் முறிந்திருந்தால் நிரம்பிய தொட்டியோடு லாரி பிரேக்குக்கும் நிற்காமல் பின்னால் உருண்டிருக்கும். பின்னால் யார் ஓடி வருவார்கள் என்று மிளாவுக்குத் தெரியாதா?

கரடி இறங்கி வந்து, முறிந்த ஆக்சிலைத் தடவிக் கொடுத்தது. விரிசலோடு இத்தனை நாள் எங்களைச் சுமந்தாயே என்று அதற்கு நன்றி சொன்னது. பிறகு இரண்டு குடத்தில் தண்ணீர் நிரப்பித் தோளில் ஏற்றிக்கொண்டு மலை ஏறத் தொடங்கியது. யானைகளும் தும்பிக்கை நிறைய உறிஞ்சிக்கொண்டு பின்னால் போயின.

மிளா மட்டும் அந்தப் பந்தின் முன் தலை குனிந்து நின்றது.

"என் குட்டி இன்றைக்கு உயிரோடு இருப்பது உன்னால்தான். உன்னைப் போய்த் திட்டினேனே. மன்னித்துவிடு. இந்த நன்றியை நான் மறக்கவே மாட்டேன்."

பந்து கொஞ்சமாக விரிந்தது. கூர்மூக்கு வெளியே வந்தது.

"அதெல்லாம் அப்புறம் பேசலாம், அக்கா. முதலில் போய்க் குட்டிக்குத் தண்ணீர் கொடு" என்றது அழுங்கு.

நான்காம் நாள், பள்ளத்தில் கிடந்த பெரிய லாரியின் தடித்த ஆக்சிலும் வந்து சேர்ந்தது. கல்லை வைத்து மூன்று முறை சோதித்தார்கள், முறியவில்லை. முழுத் தொட்டித் தண்ணீர் மலை ஏறியது. அன்று முதல், அடியிலிருந்து "கிளம்பலாம் அண்ணா" என்று அழுங்கு குரல் கொடுக்கும்வரை கரடி சாவியைத் தொடுவதில்லை. குரல் வந்ததும், "நன்றி தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பும்.

நீதி: பலத்தைக் கூட்டும் முன் அதைத் தாங்கப் போவதைச் சோதித்துப் பார், சோதிக்கச் சொல்லித் தடுத்தவருக்கு நன்றி சொல்.