ஓட்டையில்லாத காடு

"காற்றைப் பிடித்து ஓலைக் கடகத்தில் போட்டவன்..." என்று தொடங்கும் கதை ஒன்றை எங்கள் பெரியையா கலியாண வீடுகளில் சொல்லுவார். போட்டவன் பிறகு என்ன ஆனான் என்பது எனக்கு மறந்துபோய்விட்டது. ஆகவே குணநாயகத்தாரின் கதையைச் சொல்லுகிறேன்.

குணநாயகத்தார் கனடாவில் ஒரு மேப்பிள் காட்டைக் குத்தகைக்கு எடுத்தார். துணைக்கு மனைவியின் தம்பிமார் தவராசாவும் சிவபாலனும். மூவருக்கும் சேர்த்து ஒரு யோசனை வர அரை நாள் பிடிக்கும். வந்தால் போகாது.

காடு கைக்கு வந்ததுமே அவர் கோயிலில் ஒலிவாங்கியை வாங்கி, "இந்தப் பங்குனி உத்தரத்துக்கு முருகனுக்கு என்ர காட்டுப் பாகிலதான் அபிஷேகம்" என்று அறிவித்துவிட்டார். சனம் கைதட்டியது. வழக்கமாகத் தேன் கொடுக்கிறவரை ஐயர் இம்முறை வேண்டாம் என்றுவிட்டார்.

பனி உருகும் காலத்தில் மேப்பிள் மரத்தில் துளை போட்டுக் குழாய் செருகினால் இனிப்பு நீர் வடியும். காய்ச்சினால் பாகு. குழாய்க்குள் இருக்கும் காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சினால் இன்னும் நன்றாக வடியும். காட்டில் மின்சாரம் இல்லாததால் பம்பைச் சுற்ற ஒரு பெற்றோல் எஞ்சின். இவற்றை விற்ற வெள்ளைக்காரரே வந்து மரங்களில் துளை போட்டு, குழாய்களையும் இழுத்துவிட்டார். நுனிகளைத் துளைகளில் செருகுவது மட்டும்தான் மிச்சம். போகும்போது இரண்டு விஷயம் சொன்னார். எஞ்சின் சூடாகும்வரை வேலை கொடுக்காதே. சீறும் சத்தம் கேட்டால் ஓட்டை. ஒன்று விடாமல் அடை.

சிவபாலன் எஞ்சினுக்குக் கம்பளி போர்த்தினான். மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"இன்னும் குளிருது, அத்தான். ஸ்ராட் பண்ணிப் பாப்பமோ?"

"ஸ்ராட் ஆகிறதும் ஒரு வேலைதானே. பொறு."

மத்தியான வெயிலில் எஞ்சின் சூடாகியது. முடுக்கினார்கள். அதன் இரைச்சலில் சீறல் கேட்கவில்லை. ஆகவே எஞ்சினை நிறுத்திவிட்டுக் குழாய்களில் காது வைத்துக் கேட்டார்கள். நல்ல அமைதி. திரும்ப முடுக்கினால், உறிஞ்சலைக் காட்டும் பம்பின் முள் அசையவில்லை.

"கண்ணாலதான் தேடவேணும்," என்றார் குணநாயகத்தார்.

கொஞ்ச நேரத்தில் தவராசா வந்தான். "அத்தான், மரத்தில ஓட்டை."

"எந்த மரத்தில?"

"எல்லா மரத்திலயும். அந்தாள்தான் துளைச்சுக்கொண்டு நிண்டவர், நான் கண்டனான்."

குணநாயகத்தார் மரத்தைத் தடவிப் பார்த்தார். "பாவம், செய்த பிழை மனசைக் குத்தியிருக்கு. அதுதான் போகேக்க அடைக்கச் சொன்னவர்."

மரத்து ஓட்டைகளுக்கு ஆப்பு அடித்தார்கள். பார்த்தால் ஒவ்வொரு குழாய் நுனியிலும் ஓர் ஓட்டை. அவற்றையும் அடைத்தார்கள். மரங்கொத்தி போட்டதையும் விடவில்லை. எஞ்சினை முடுக்கியதும் முள் உச்சியில் போய் நின்றது. மூவரும் கைகுலுக்கினார்கள்.

நாள்கள் போயின. பெற்றோல் போனது. இனிப்பு நீர் வந்து சேரவேண்டிய தொட்டியில் ஒன்றும் இல்லை.

"ஒண்டும் வரேல்லையே, அத்தான்."

"உறிஞ்சி வெறுமையாக்கிறதுதானே பம்பின்ர வேலை? எவ்வளவு வெறுமையாக் கிடக்கு, பார். நல்ல சாமான்."

உத்தரத்துக்கு முதல்நாள் ஐயர் தொலைபேசி எடுத்தார். "பாகு வருமோ? இல்லாட்டி தேன்காரரைக் கேக்கட்டோ?"

"சபையில சொன்ன சொல்லு, ஐயா. வரும்," என்றார் குணநாயகத்தார்.

அந்நேரம் பார்த்து ஒரு மரத்தின் ஆப்பு கழன்று, சிவபாலனின் தலையில் நீர் சொட்டியது. நக்கிப் பார்த்தான்.

"அத்தான், மரம் ஒழுகுது. இனிப்பாவும் கிடக்கு."

மூவரும் ஓடிப்போய் ஆப்பை இறுக்கினார்கள்.

"நல்ல காலம் கண்டனீ," என்றார் குணநாயகத்தார். "ஒழுக விட்டால் முருகனுக்கு என்ன மிஞ்சும்? மற்ற மரங்கள்?"

"ஒரு துளி வெளியில போகேல்ல. எல்லாம் உள்ளுக்கை பத்திரம்," என்றான் சிவபாலன்.

"உள்ளுக்கை கிடக்கிறதைக் கோயிலுக்கு எப்பிடிக் கொண்டுபோறது?" என்று கேட்டான் தவராசா.

"பால் கொண்டுபோறவன் செம்போடதானே கொண்டுபோறான்?"

இருப்பதில் பெரிய மரமாகப் பார்த்து, ஆப்பு கழலாமல் வெட்டி லொறியில் ஏற்றுவதென்றும், ஐயர் அதை முருகனின் தலைக்கு மேல் சரிக்க வசதியாக ஒரு கிரேனும் பிடிப்பதென்றும் குணநாயகத்தார் முடிவெடுத்தார்.